மணற்பாங்கான நிலத்தில் முலாம்பழச் சாகுபடியும் சாம்பல் சத்தும்

முலாம்பழம் பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடிப்பயிர். இதன் தாவரவியல் பெயர் குக்குமிஸ் மெலோ. தமிழ்நாட்டில் இதைக் கிர்ணிப்பழம் என்றும் அழைப்பர். கோடையில் வெடித்து மாவாக உதிரும் வெள்ளரிப்பழமும் இதே இனத்தின் ஒரு வகைதான். தர்பூசணி வேறு பேரினத்தைச் சேர்ந்தது. ஈழத்தில் வத்தகப்பழம் எனப்படுவது இந்தத் தர்பூசணியே. இவ்விரு பயிர்களும் நீர் தேங்காத, விரைவில் சூடேறும் மணற்பாங்கான நிலத்தை விரும்புபவை. வேர் எளிதில் இறங்கும், கொடி அழுகாது, காய் மண்ணில் கிடந்தாலும் கெடாது. ஆனால் அந்த நிலத்துக்கே உரிய ஒரு குறையும் உண்டு. பழத்தின் இனிப்புக்கு மிகவும் தேவைப்படும் பொட்டாசியத்தை மணல் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. எனவே மணலில் முலாம்பழம் பயிரிடும்போது எவ்வளவு பொட்டாசியம் இடுவது என்பதைவிட எப்போது, எத்தனை தடவையாகப் பிரித்து இடுவது என்பதே பெரிய கேள்வியாகிறது.

வேளாண்மைத் துறையினர் பொட்டாசியத்தைச் சாம்பல் சத்து என்று குறிப்பிடுவர். தழைச்சத்து நைட்ரஜனையும், மணிச்சத்து பாஸ்பரசையும் குறிக்கும். சாம்பல் சத்து என்ற பெயர் பொருத்தமானது. மரச்சாம்பலைப் பானையில் நீரூற்றிக் கரைத்து, தெளிந்த நீரைக் காய்ச்சி எடுத்த உப்பைத்தான் ஐரோப்பியர் ‘பானைச் சாம்பல்’ என்ற பொருளில் பொட்டாஷ் என்றனர். பொட்டாசியம் என்ற தனிமத்தின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் பகுதியில் 1861இல் பொட்டாஷ் ஆலை தொடங்கிய பிறகுதான் சுரங்க உப்பு சாம்பலின் இடத்தைப் பிடித்தது.

பழத்துக்குள் பொட்டாசியத்தின் வேலை

நைட்ரஜன் புரதத்தின் பகுதியாகிவிடும். பாஸ்பரஸ் மரபுப்பொருளின் பகுதியாகிவிடும். பொட்டாசியமோ செடியின் எந்தக் கரிமச் சேர்மத்திலும் பகுதியாவதில்லை. அது செல்சாற்றில் கரைந்த அயனியாகவே இருந்து, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்துகொண்டே வேலை செய்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நொதிகள் செயல்பட அது தேவை. இலைத்துளைகள் திறப்பதும் மூடுவதும் காப்புச் செல்களுக்குள் பொட்டாசியம் போய்வருவதால்தான் நடக்கிறது. வெயில் கொளுத்தும் மணல் நிலத்தில் ஒரு கொடி தன் நீரைக் காத்துக்கொள்ள இது முதன்மையானது.

முலாம்பழத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான வேலை ஒன்று உள்ளது. இலையில் உருவாகும் சர்க்கரையை உணவுக்குழாய்த் திசுவில் ஏற்றிக் காய்க்கு அனுப்புவதற்குப் பொட்டாசியம் துணைநிற்கிறது. அது குறைந்தால் சர்க்கரை இலையிலேயே தேங்கும். இலை வேலை செய்தும் காய் இனிக்காது.

வாழைப்பழமும் மாம்பழமும் பறித்த பிறகு இனிப்பாவதை அனைவரும் அறிவர். அவற்றில் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்து பழுக்கும்போது சர்க்கரையாக மாறுகிறது. முலாம்பழத்தில் அப்படிப்பட்ட மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. பறித்த பின் அது மென்மையாகும், மணம் கூடும். ஆனால் இனிப்புக் கூடாது. கொடியில் இருக்கும்போது எவ்வளவு சர்க்கரை வந்து சேர்ந்ததோ அவ்வளவுதான். அதிலும் பெரும்பகுதி, காய் வளர்ந்து முடிந்து பழுக்கத் தொடங்கும் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் வந்து சேர்கிறது. அந்த வாரங்களில் இலை பச்சையாக இருக்க வேண்டும், வேர் நீரையும் சத்தையும் எடுத்துத் தர வேண்டும், மண்ணிலும் சத்து இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பின்னால் சரிசெய்ய வழியில்லை.

சந்தையில் இதன் விளைவு நேரடியாகத் தெரியும். பழச்சாற்றில் கரைந்துள்ள திடப்பொருளின் விழுக்காட்டைப் பிரிக்ஸ் என்ற அளவால் குறிப்பர். இதில் பெரும்பகுதி சர்க்கரை. அமெரிக்கத் தர விதிகளின்படி முலாம்பழத்தில் இது 9 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் உட்தரம் ‘நல்லது’, 11 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் ‘மிக நல்லது’. நம் ஊர்ச் சந்தையில் அளவு காட்டும் கருவி கிடையாது. ஒரு பழத்தை அறுத்து வாயில் போட்டுப் பார்க்கும் வியாபாரியின் நாக்குதான் கருவி. அது சப்பென்று இருந்தால் வண்டி முழுவதற்கும் விலை இறங்கிவிடும்.

மணல் ஏன் பிடித்து வைப்பதில்லை

களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. நேர்மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகிய அயனிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். வேர் எடுத்துக்கொள்ளும்போது அந்த இருப்பிலிருந்து மண்நீருக்குள் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கும். மண்ணின் இந்தத் திறனை நேரயனிப் பரிமாற்றத் திறன் என்பர். கரிசல் மண்ணில் இது 100 கிராம் மண்ணுக்கு 40 மில்லிசமானத்துக்கு மேலும் இருக்கலாம். மணல் மண்ணில் பெரும்பாலும் 5க்கும் கீழ்தான். மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதில் ஒட்டுவதற்கு இடமும் இல்லை, காலப்போக்கில் சிதைந்து தருவதற்குப் பொட்டாசியமும் இல்லை. கரிசலை வாய் குறுகிய குதிர் என்றால் மணலைச் சல்லடை எனலாம்.

ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். பரிமாற்றத் திறன் 3 மில்லிசமானம் உள்ள ஒரு மணல் நிலத்தில், அந்த இடங்களில் 4 விழுக்காட்டைப் பொட்டாசியம் பிடித்திருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ மண்ணில் ஏறத்தாழ 47 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். ஒரு எக்டேரின் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 22 லட்சம் கிலோ. ஆக அந்த எக்டேரின் மேல்மண்ணில் மொத்த இருப்பு சுமார் 105 கிலோ. தமிழ்நாட்டு மண் ஆய்வு முறையில் எக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழ் இருந்தால் ‘குறைவு’, 280 கிலோவுக்கு மேல் இருந்தால் ‘அதிகம்’ என்று வகைப்படுத்துவர். மேலே சொன்ன நிலம் ‘குறைவு’ வகையில் விழுகிறது.

இனி பயிர் எடுக்கும் அளவைப் பார்க்கலாம். முலாம்பழத்தின் 100 கிராம் சதையில் ஏறத்தாழ 267 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. தர்பூசணியில் சுமார் 112 மில்லிகிராம்தான். இரண்டுக்கும் ஒரே உர அட்டவணையைப் பின்பற்றுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. எக்டேருக்கு 25 டன் முலாம்பழம் விளைந்தால் பழத்தோடு மட்டும் 67 கிலோ பொட்டாசியம் வயலைவிட்டு வண்டியேறிப் போகிறது. கொடியிலும் இலையிலும் உள்ளது தனி. 105 கிலோ இருப்பில் ஒரே பருவத்தில் இவ்வளவு போனால் இரண்டாவது பயிருக்கு என்ன மிஞ்சும் என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இதோடு நீரின் வேலையும் சேர்கிறது. மணல் தன் கன அளவில் பத்தில் ஒரு பங்கு நீரையே பிடித்து வைக்கும். அதனால் வறண்ட மணலில் பெய்யும் 50 மி.மீ. மழை அரை மீட்டர் ஆழம் வரை இறங்கிவிடும். நைட்ரேட் அளவுக்குப் பொட்டாசியம் வேகமாகக் கீழிறங்குவதில்லை என்பது உண்மை. ஆயினும் அடுத்தடுத்த மழையும் அளவு மீறிய பாசனமும் அதை வேர்ப்பகுதிக்குக் கீழே தள்ளிவிடும். தமிழ்நாட்டில் மார்கழி, தை மாதங்களில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் அறுவடை செய்வது வழக்கம். எல்லாப் பொட்டாஷையும் விதைக்கும்போதே அடியுரமாக இட்டுவிட்டு, தை மாதத்தில் எதிர்பாராத மழை இரண்டு பெய்துவிட்டால், பங்குனியில் காய் சர்க்கரையைக் கேட்கும் நேரத்தில் கொடுத்த உரத்தில் நல்ல பங்கு வேருக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும். உழவர் உரத்துக்குப் பணம் கொடுத்திருப்பார். செடி அதைப் பார்த்திருக்காது. இந்தியாவில் விற்கும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாவது. விலை ஏற்ற இறக்கமும் அங்கிருந்தே வருகிறது. மணலில் இறங்கிப்போகும் ஒவ்வொரு கிலோவும் கப்பலேறி வந்த கிலோ.

உர வகைகள்

மூட்டையின் மேல் எழுதியுள்ள விழுக்காடு பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிடப்பட்டது. தனிமப் பொட்டாசியமாக மாற்ற அதை 1.2ஆல் வகுக்க வேண்டும். மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. 60 விழுக்காடு கொண்டது. எனவே 50 கிலோ மூட்டையில் 30 கிலோ ஆக்சைடு, அதாவது 25 கிலோ பொட்டாசியம். இதுவே விலை மலிவானது. ஆனால் உப்புத்தன்மை மிக்கது. உர வகைகளின் உப்புத்தன்மையைச் சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்து ஒப்பிடுவர். அந்தக் கணக்கில் மியூரியேட் 116, பொட்டாசியம் நைட்ரேட் 74, சல்பேட் ஆப் பொட்டாஷ் 46. கரையோர மணல் நிலங்களில் கிணற்று நீரே சற்று உவர்ப்பாக இருக்கும். அங்கே மியூரியேட்டைக் குவியலாக இட்டால் இளஞ்செடியின் வேர் கருகும். அதோடு உவர்நீரிலுள்ள சோடியமும் பொட்டாசியம் உள்ளே போகவிடாமல் போட்டியிடும். அத்தகைய இடங்களில் விலை கூடுதலானாலும் சல்பேட் வகையே பாதுகாப்பானது. நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் மியூரியேட்டைப் பிரித்து இட்டால் போதும். சல்பேட்டுக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

சல்பேட் ஆப் பொட்டாஷ் 50 விழுக்காடு பொட்டாஷும் ஏறத்தாழ 17 விழுக்காடு கந்தகமும் கொண்டது. மணலில் கந்தகமும் குறைவு என்பதால் இது கூடுதல் பயன். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 110 கிராம்தான் கரையும். மியூரியேட் 340 கிராம் கரையும். சொட்டுநீர்த் தொட்டியில் சல்பேட்டை அள்ளிக் கொட்டினால் அடியில் மணல்போல் தங்கிவிடுவது இதனால்தான். பொட்டாசியம் நைட்ரேட் கடைகளில் 13-0-45 என்ற பெயரில் கிடைக்கிறது. நன்றாகக் கரையும். கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் வாளித் தண்ணீர் சில்லென்று ஆவதைக் கையாலேயே உணரலாம். பள்ளி வேதியியலில் படிக்கும் வெப்பங்கொள் மாற்றத்துக்கு வயலிலேயே ஓர் எடுத்துக்காட்டு.

சாம்பலிலும் பொட்டாசியம் உண்டு. மரத்துக்கு மரம் அளவு மாறும். அதிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் எளிதில் கரைந்துவிடும் என்பதால், மழையில் நனைந்த குப்பைமேட்டுச் சாம்பலில் சத்து மிச்சமிருக்காது. கூரையின் கீழ்ச் சேர்த்து வைத்ததே பயன்படும். சாம்பல் காரத்தன்மை உடையது. யூரியாவோடும் அம்மோனியம் சல்பேட்டோடும் கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துபோகும். மாட்டின் கழிவில் பொட்டாசியத்தின் பெரும்பகுதி சாணத்தில் அல்ல, கோமியத்தில்தான் இருக்கிறது. கொட்டிலில் வைக்கோல் பரப்பிக் கோமியத்தை உறிஞ்சவிட்டுச் சேர்த்த தொழுவுரத்துக்கும், சாணத்தை மட்டும் வழித்துச் சேர்த்த எருவுக்கும் மணல் நிலத்தில் வேறுபாடு தெரியும்.

பிரித்து இடும் முறை

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் கரிமப் பொருள் குறைந்த மணலைப் பெரிதும் கொண்டது. அங்கே தர்பூசணியும் முலாம்பழமும் பரவலாகப் பயிராகின்றன. சொட்டுநீர் உள்ள வயல்களில் பொட்டாஷில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல் நடவுக்கு முன் இட்டு, மீதியைப் பாசன நீரோடு சிறிது சிறிதாகக் கொடுக்குமாறு அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகம் நீண்டகாலமாகப் பரிந்துரைத்து வருகிறது. பாத்தியை மூடும் பிளாஸ்டிக் போர்வை, அடியில் இட்ட உரத்தை மழை நேரடியாக அடித்துச் செல்லாமல் காக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது பரவியுள்ள நிலப்போர்வை முறைக்கும் இந்தப் பயன் உண்டு. பலர் அதைக் களை தடுக்கும் தாள் என்று மட்டுமே எண்ணுகின்றனர்.

ஓர் ஏக்கருக்கு 40 கிலோ பொட்டாஷ் தேவை என்று மண் ஆய்வின்படி முடிவானதாகக் கொள்வோம். முலாம்பழம் பெரும்பாலும் 85 முதல் 100 நாள் பயிர். விதைத்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் பூக்கும். காய் பிடித்ததிலிருந்து முற்றுவதற்கு 30 முதல் 45 நாள் ஆகும். இந்தக் கால அட்டவணையே உர அட்டவணையும் ஆகும். அடியுரமாக 10 கிலோ, அதாவது 17 கிலோ மியூரியேட், தொழுவுரத்தோடு கலந்து குழியில் போகும். கொடி ஓடும் இரண்டு வாரங்களில் வாரம் 2 கிலோ. காய் பிடித்தது முதல் ஆறு வாரம், வாரத்துக்கு 4 கிலோ. கடைசி 2 கிலோ அறுவடை தொடங்கும் வாரத்தில், பின்னால் வரும் காய்களுக்காக. நாற்பதில் 24 கிலோ காய் வளர்ந்து இனிக்கும் ஆறு வாரங்களில் போய்ச் சேர்வதைக் கவனிக்கலாம். ஒரு வாரத்துக்குரிய 4 கிலோவுக்கு 8 கிலோ சல்பேட் போதும். பொட்டாசியம் நைட்ரேட்டாகக் கொடுத்தால் சுமார் 9 கிலோ, அதோடு 1.2 கிலோ தழைச்சத்தும் போகும். அதை யூரியாவில் கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்காவிட்டால் கொடி தழைத்துக்கொண்டே போய்க் காயின் இனிப்பு குறையும்.

தொட்டியில் உரம் கலக்கும்போது கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட் ஆப் பொட்டாஷையும் ஒன்றாகக் கரைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து ஜிப்சமாக வீழ்படிந்து சொட்டுவான்களை அடைத்துவிடும். வெவ்வேறு நாளில் விட வேண்டும். உரம் விட்ட பின் குழாயைக் கழுவும் அளவு நீர் விட்டால் போதும். அதற்கு மேல் மணிக்கணக்கில் நீர் ஓடவிட்டால், பிரித்து இட்டதன் பயனே போய்விடும்.

சொட்டுநீர் இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. மொத்த அளவை மூன்றாகவோ நான்காகவோ பிரித்து, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாக இட்டு, மண்ணால் மூடி, இலேசாக நீர் பாய்ச்சலாம். ஆள்கூலி கூடும் என்பது மெய். ஆனாலும் காய் பிடித்த பிறகு ஒரு தடவையாவது இடாமல் விடுவது மணலில் தவறு.

இலைவழித் தெளிப்பு

டெக்சாஸ் மாநிலத்தின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஜீன் லெஸ்டர், ஜான் ஜிஃபோன் முதலியோர் முலாம்பழத்தில் நடத்திய ஆய்வுகள் இத்துறையில் அறியப்பட்டவை. அவர்கள் ஆய்ந்தது சுத்த மணல் அல்ல. சுண்ணாம்பு மிக்க, பொட்டாசியம் போதிய அளவு உள்ள மண். ஆயினும் காய் வளரும் காலத்தில் இலைவழியாகப் பொட்டாசியம் தெளித்தபோது பழத்தில் சர்க்கரை, கெட்டித்தன்மை, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் ஆகியவை கூடின. மண்ணில் இருந்தும் செடிக்குப் போதவில்லை. கால்சியமும் மக்னீசியமும் போட்டியிட்டதும், காய்க்கும் காலத்தில் வேரின் உறிஞ்சும் ஆற்றல் தளர்ந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன. தெளித்த உப்புகளில் பொட்டாசியம் நைட்ரேட் மட்டும் மற்றவற்றைப்போல் பயன் தரவில்லை. காய்க்கும் பருவத்தில் கூடுதல் தழைச்சத்து கொடிக்கே போகும் என்பதோடு இது பொருந்துகிறது. நம் கடைகளில் தெளிப்புக்கென்று முதலில் எடுத்து நீட்டப்படுவது 13-0-45தான் என்பதால் இதை நினைவில் வைப்பது நல்லது.

இலைத் தெளிப்பு மண்ணுரத்துக்கு மாற்று அல்ல. லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளித்தால் ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் 1 கிலோ உப்புதான் போகும். பழங்களோ பல கிலோ கேட்கின்றன. வேர் தளரும் கடைசிக் காலத்தில் கைகொடுக்கும் துணை என்ற அளவில் அது சரி. மாலை நேரத்தில், முதலில் நாலைந்து செடிகளில் தெளித்து இலை கருகவில்லை என்று பார்த்த பிறகே வயல் முழுவதும் தெளிக்க வேண்டும்.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு மூட்டை பொட்டாஷைக் கொட்டினால் பழம் தேனாகும் என்ற நம்பிக்கை சில இடங்களில் உண்டு. அந்த உரம் கரைந்து வேரில் ஏறி இலையில் வேலை செய்யத் தொடங்குவதற்குள் பழம் சந்தைக்குப் போயிருக்கும்.

குறையும் மிகையும்

பொட்டாசியம் செடிக்குள் நகரக்கூடியது. பற்றாக்குறை வந்தால் கொடி முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்து இளம் இலைகளுக்கும் காய்க்கும் அனுப்பும். அதனால் அடி இலைகளின் ஓரம் முதலில் மஞ்சளாகி, பிறகு தீய்ந்ததுபோல் பழுப்பாகும். உவர்நீரால் வரும் ஓரக்கருகலும் பார்வைக்கு இதேபோல் இருக்கும். இதைப் பற்றாக்குறை என்று எண்ணி மேலும் மியூரியேட் இட்டால் நோய் கூடும். நீரையும் மண்ணையும் ஆய்வுக்கு அனுப்பாமல் இவ்விரண்டையும் கண்ணால் மட்டும் பிரித்தறிவது கடினம். மண்ணிலுள்ள பொட்டாசியத்தை ஆய்வகத்தில் அம்மோனியம் அசிடேட் கரைசலால் பிரித்தெடுத்துச் சுடரொளிமானியில் அளப்பர். செலவு குறைந்த ஆய்வு இது.

மிகையும் தீங்கானது. மண்ணில் பொட்டாசியம் கூடினால் மக்னீசியமும் கால்சியமும் உள்ளே போவது குறையும். மணலில் இவ்விரண்டும் ஏற்கெனவே குறைவு. அமெரிக்காவில் இந்தியானாவின் தென்மேற்கிலும், டெலவேர், மேரிலாந்து பகுதிகளிலும் அமில மணலில் விளையும் முலாம்பழத்தில், காய் பருக்கும் நேரத்தில் மக்னீசியப் பற்றாக்குறை நன்கறியப்பட்ட தொல்லை. இதில் இலையோரம் அல்ல, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளுத்துக் காய்ந்து உதிரும். சர்க்கரை செய்யும் இலையே இல்லாமல் போனால் அதைக் காய்க்கு அனுப்பப் பொட்டாசியம் இருந்து பயனில்லை. தர்பூசணியில் கால்சியம் குறைந்தால் காயின் பூமுனை கறுத்து அழுகும்.

மணலையே சற்று மாற்றுவது

உரத்தைப் பிரித்து இடுவது ஒரு பக்கம் என்றால், மணலின் பிடிப்பைக் கூட்டுவது மறுபக்கம். தமிழ்நாட்டில் கோடையில் ஏரி, குளங்களைத் தூர்வாரி எடுக்கும் வண்டலை வயலில் பரப்பும் பழக்கம் தொன்றுதொட்டு உள்ளது. வண்டலில் நுண்களியும் மட்கும் இருப்பதால் மணலின் பரிமாற்றத் திறன் உயரும், நீர்ப்பிடிப்பும் உயரும். தொழுவுரமும், மட்கவைத்த தென்னை நார்க்கழிவும் இவ்வாறே உதவும். வட இந்தியாவில் கங்கை, யமுனை ஆற்றுப்படுகைகளில் வெள்ளம் வடிந்த பின் மணலில் ஆழமாகப் பள்ளம் தோண்டி, அதில் எருவை நிரப்பி முலாம்பழம், வெள்ளரி, பூசணி ஆகியவற்றை விதைப்பர். படுகை முழுவதும் வெறும் மணல்தான். வேர் இருக்கும் அந்தப் பள்ளம் மட்டும் சத்தைப் பிடிக்கும் மண்ணாகிவிடுகிறது.

அறுவடை முடிந்த கொடிகளிலும் கணிசமான பொட்டாசியம் எஞ்சியிருக்கும். அது கரிமச் சேர்மங்களில் கட்டுண்டு இல்லாததால், காய்ந்த கொடியின்மேல் பெய்யும் முதல் மழையிலேயே பெரும்பாலும் கழுவப்பட்டு மண்ணில் இறங்கும். கொடிகளை வரப்பில் குவித்து வைத்தால் வரப்புப் புல்லுக்குத்தான் உரம். நோய் தாக்காத கொடிகளை வயலிலேயே பரப்பி, உடனே கம்பு, கேழ்வரகு போன்ற ஒரு பயிரை விதைத்துவிட்டால், இறங்கும் சத்தை அதன் வேர்கள் பிடித்துக்கொள்ளும்.